தோன்றா எழுவாய்

‘கீரையை மூடி போடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மாறாமல் இருக்கும்.’

இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெண்கள் பத்திரிகையின் பக்க ஓரத்தில், நாளிதழின் இணைப்பில், மளிகை மடித்துக்கொண்டு வந்த தாளில். கீழே இருக்கும் பெயரும் ஊரும் ஒவ்வொரு முறையும் வேறு. வாக்கியம் அதேதான்.

இலக்கியம் பேசுகிறவர்களிடம் இந்த எழுத்துக்கு மரியாதை கிடையாது. ஒரு கவிதையைக் கீழே தள்ள வேண்டுமென்றால் ‘சமையல் குறிப்பு மாதிரி இருக்கு’ என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். தொல்காப்பியர் செய்யுளியலில் பிசிக்கும் முதுசொல்லுக்கும்கூட, அதாவது விடுகதைக்கும் பழமொழிக்கும்கூட, இடம் ஒதுக்குகிறார். நாம் வீட்டுக் குறிப்புக்கு வாசல்படியில்கூட இடம் தருவதில்லை.

என் எண்ணம் மாறியது பெரியம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு. பழைய டைரி ஒன்றில் இருபது வருஷக் குறிப்புகளை வெட்டி, சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் என்ன அதிசயம், எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும் என்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில் தீர்ப்பு எழுதியிருக்கிறாள், அதுதான் அதிசயம். சிலதுக்கு டிக். சிலதுக்கு இரண்டு டிக். சிலதுக்கு ‘சும்மா’. ஒன்றுக்கு ‘சுத்தப் பொய்’. தமிழில் இந்த வகைமைக்கு எழுதப்பட்ட விமர்சனம் என்று நான் பார்த்தது இது ஒன்றுதான்.

கீரைக்கு ஒரு டிக். நியாயமான மதிப்பெண். கீரை வேகும்போது அதிலிருந்து அமிலங்கள் வெளியேறுகின்றன. மூடி இல்லாவிட்டால் ஆவியோடு கொஞ்சம் போய்விடும். மூடினால் மூடியில் பட்டு, திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டும். அமிலம் பட்ட பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து பழுப்பாகிவிடும். முதலில் இதைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு மெக்னீசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் இரண்டு விதமாக வேகவைத்து, நிறத்தைக் கவனித்து, வித்தியாசத்தை மனதில் வைத்திருந்தால் போதும். நம் கவிதைகள் பலவற்றில் இவ்வளவு கவனிப்பு இல்லை.

‘சுத்தப் பொய்’ வாங்கியது உருளைக்கிழங்கு. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் ஒரு கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்கிற அந்தப் புகழ்பெற்ற குறிப்பு. பெரியம்மா பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: ‘கிழங்கும் உப்பு’. இரண்டே சொல். கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். மிச்சமிருக்கும் சாம்பாரின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். தண்ணீரும் பருப்பும் கூடச் சேர்த்தால் குறையும், அதற்குக் கிழங்கு எதற்கு?

காய் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு இரண்டு டிக். புளிப்பு இருந்தால் காயின் பெக்டின் இளகாது, எவ்வளவு கொதித்தாலும் கடக்கென்றே இருக்கும். உறைமோர் இல்லாதபோது காம்போடு மிளகாயைப் பாலில் போட்டுத் தயிராக்கும் குறிப்புக்கு டிக் போட்டு, ‘ரெண்டாம் தடவைதான் தயிர்’ என்று ஒரு திருத்தம். முதல் முறை குழகுழவென்று வருவதை எடுத்து, அதையே உறையாக ஊற்றினால்தான் கட்டித் தயிர். குறிப்பு எழுதியவர் விட்டுவிட்ட ஒரு நாளை பெரியம்மா திரும்பச் சேர்த்திருக்கிறாள்.

இப்போது அந்த வாக்கியத்தின் இலக்கணத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம். ‘வந்தாய்’ என்றால் ‘நீ’ வெளியே தெரியாது, ஆனால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ‘வேகவைத்தால்’ என்பதில் அந்த விகுதியும் கிடையாது. நானா, நீயா, அவனா, அவளா, எதையும் அந்தச் சொல் சொல்லாது. ஆனாலும் ஆண் பெண் எல்லா வாசகருக்கும் தெரியும், வேகவைப்பது யார் என்று. இலக்கணம் மறைத்ததை வீடு நிரப்பிக்கொள்கிறது. மூடி போடாத கீரைக்குப் பக்கத்தில் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா? அந்த ஆள் வாக்கியத்தில் இல்லை.

1988-இல் வந்த அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பின் தலைப்புக் கதை, அந்த அறை ஏன் மூலையில் இருக்கிறது, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறது. குறிப்பு ஒருநாளும் அதைக் கேட்காது. அறை இப்படித்தான், தொட்டி இவ்வளவுதான், நேரம் இவ்வளவுதான் என்று ஒத்துக்கொண்டு, அதற்குள் ஐந்து நிமிஷம் மிச்சம் பிடித்துத் தரும். மிச்சம் பிடித்த ஐந்து நிமிஷத்தில் என்ன செய்யலாம் என்று அடுத்த குறிப்பு சொல்லும். பித்தளை துலக்கலாம்.

இதை மட்டும் சொல்லி முடித்தால் என் கட்டுரை நல்ல பிள்ளையாக இருக்கும். ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வேறு இடத்தில். குறிப்புக்கு ஒரே ஒரு குரல்தான். கீரையைப் பற்றியும் அதே ‘-ஆல்’, அதே ‘இருக்கும்’. உயிர் போகும் விஷயத்திலும் அதே. ‘தீக்காயத்தில் உடனே தோசை மாவு தடவினால் கொப்புளம் வராது.’ நோட்டில் இதுவும் ஒட்டியிருக்கிறது. டிக் இல்லை, ‘பொய்’ இல்லை, ஒன்றுமே இல்லை.

“இதுக்கு மட்டும் ஏன் பெரியம்மா ஒண்ணும் போடல?”

“அதை நோட்டுல வேற எழுதணுமாக்கும்” என்று இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த மணிக்கட்டுத் தழும்பைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அப்பளம் பொரித்த எண்ணெய் என்று மட்டும் தெரியும். மாவு பூசி இரண்டு நாள் வைத்திருந்ததும், பிறகு அது புண்ணாகிச் சீழ் பிடித்ததும் அன்றுதான் தெரிந்தது. மாவு, பற்பசை, இங்க் எதையும் தடவாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்ட வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. உருளைக்கிழங்கு பொய்யானால் ஒரு வேளை சாம்பார் போகும். இரண்டுக்கும் ஒரே நடையில் எழுதுவதும், அதைப் பக்க ஓரத்தை நிரப்ப அச்சடிப்பதும் பொறுப்பின்மை.

மீனாட்சி அம்மாள் 1951-இல் தன் புத்தகத்துக்கு ‘சமைத்துப் பார்’ என்று பெயர் வைத்தார். அந்தப் ‘பார்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். செய்து பார், சரியா என்று நீயே பார் என்கிறது. குறிப்பில் ‘பார்’ இல்லை. ‘வரும்’, ‘வராது’, ‘இருக்கும்’ மட்டும்தான். பெரியம்மாவின் பென்சில் செய்தது அந்தப் ‘பார்’ஐத் திரும்பக் கொண்டுவந்ததுதான்.

இப்போது இது எல்லாம் வீடியோவுக்குப் போய்விட்டது. ‘இத்தனை நாள் இது தெரியாம போச்சே!’ என்று வாயில் கைவைத்த படம். தோன்றா எழுவாய் இப்போது தோன்றிவிட்டது: ‘நீங்க’. ‘நீங்க இத்தனை நாளா தப்பா பண்றீங்க.’ பழைய குறிப்பு அமைதியாக ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகும். இது குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கொடுக்கிறது. தனியாகச் சமைத்துச் சாப்பிடும் நானே இரவு பதினொரு மணிக்கு மிக்ஸி கழுவும் வீடியோ பார்த்துவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி எழுந்து போய் மிக்ஸியைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டைத் திருப்பித் தரும்போது கேட்டேன், நீங்க எதுவும் எழுதிப் போடலையா என்று. கடைசிக்கு முந்தின பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். ஒரே வரி. ‘இட்லிக்கு ஊறவைக்கும்போது சிறிது வெந்தயம் சேர்த்தால் இட்லி மெத்தென்று இருக்கும்.’ கீழே அவள் பெயரும் ஊரும்.

“நான் ஒரு பக்கம் எழுதினேன்டா. எங்க மாமியாருக்குப் பல்லு முழுக்கப் போயிடுச்சு. சாதம் இறங்கல. இட்லியும் கொஞ்சம் காஞ்சா தொண்டையில நிக்கும். அவங்களுக்காக ஒவ்வொரு நாளா கூட்டிக் குறைச்சு, நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு ஸ்பூன்னு கண்டுபிடிச்சேன். அதைத்தான் எழுதினேன்.”

மாமியார் அச்சில் இல்லை. அவருக்காக மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவளும் இல்லை. அந்தத் துண்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘அளவை விட்டுட்டாங்க’.