உப்பளமும் இரு பார்வைகளும்: எட்வர்ட் பர்டின்ஸ்கி, எம். பழனி குமார் ஆகியோரின் ஒளிப்படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கனடிய நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கி குஜராத்தின் சிறிய ரண் பகுதி உப்பளங்களை வானிலிருந்து எடுத்தார். தமிழக ஆவண ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைத் தரையில் நின்று எடுத்தார். ஒரே தொழிலை நோக்கிய இவ்விரு பார்வைகளையும் தொல்காப்பியத்தின் கருப்பொருள் கோட்பாட்டின் துணையோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. நிலத்தின் அழகைச் சுவைக்கையில் அந்நிலத்தில் உழைப்பவர் பார்வையிலிருந்து மறைகின்றனரா என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: நிலக்காட்சி, ஆவண ஒளிப்படம், உப்பளம், கருப்பொருள், உழைப்பு.

முன்னுரை

அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படம் நெடுங்காலம் மனிதர் இல்லா இயற்கையையே தன் பொருளாகக் கொண்டிருந்தது. ஆன்சல் ஆடம்ஸின் யோசெமிட்டி படங்கள் அம்மரபின் உச்சம். அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடியினர் அங்கிருந்து அகற்றப்பட்ட வரலாற்றை அப்படங்களிலிருந்து அறிய இயலாது. 1975இல் ராச்செஸ்டர் நகரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் நிகழ்ந்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சி இம்மரபிலிருந்து விலகியது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் முதலிய பதின்மரின் படங்கள் புறநகர் வீடுகளையும் தொழிற்கூடங்களையும் மனிதர் மாற்றியமைத்த நிலத்தின் சான்றுகளாக முன்வைத்தன. பர்டின்ஸ்கியின் பணி இத்திருப்பத்தின் பின் தோன்றியது.

பர்டின்ஸ்கி: மேலிருந்து காணும் நிலம்

1955இல் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்த பர்டின்ஸ்கி சுரங்கங்கள், கல்குவாரிகள், எண்ணெய் வயல்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றைப் பெரிய அளவுப் படங்களாக ஆக்கியவர். 1996இல் ஒன்டாரியோவின் சட்பரியில் அவர் எடுத்த நிக்கல் கழிவுப் படங்களில் கருநிலத்தின் ஊடே செந்நிற ஓடை ஒன்று வளைந்து செல்கிறது. முதல் நோக்கில் அது எரிமலைக் குழம்பெனத் தோன்றும். தாதுக் கழிவிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதன் நிறமே அது. அழகால் ஈர்க்கப்பட்ட கண், தலைப்பைப் படித்ததும் தான் சுவைத்தது ஒரு நஞ்சோடை என்று உணர்கிறது. பர்டின்ஸ்கியின் படங்கள் பலவும் இந்த உத்தியால் இயங்குகின்றன. இடமும் ஆண்டும் தாங்கிய தலைப்பு அதற்கு இன்றியமையாதது.

2000இல் வங்கதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் அவர் எடுத்த கப்பல் உடைப்புப் படங்களில் மனிதர் உள்ளனர். பிளக்கப்பட்ட கப்பலின் அருகே அவர்கள் மிகச் சிறியவராகத் தெரிகின்றனர். அவர்களைக் கொண்டே கப்பலின் பேருருவை அளக்கிறோம். ஆயினும் அளவுகோலாக நிற்பதற்கு அப்பால் அவர்களுக்குப் படத்தில் இடமில்லை.

2016இல் வெளிவந்த சிறிய ரண் உப்பளப் படநூலில் இத்தொலைவு மேலும் கூடுகிறது. வானிலிருந்து நோக்க, பாத்திகள் சாம்பல், வெண்மை, பழுப்பு நிறக் கட்டங்களாகின்றன. வாய்க்கால்களும் வண்டித் தடங்களும் கோட்டோவியம் போல் படர்கின்றன. இவை தரையில் நிகழும் போராட்டங்களைப் பற்றிய படங்கள் அல்ல என்றும், உப்பு விளைத்தலை நிலத்தின்மீது மனிதர் இட்ட அருவக் குறிகளாகத் தாம் நோக்குவதாகவும் பர்டின்ஸ்கியே கூறியுள்ளார். இது நேர்மையான கூற்று. எனினும் அதன் விளைவை மதிப்பிடுதல் திறனாய்வின் கடன். உவர்நீரை நிலத்தடியிலிருந்து இறைத்துப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்குமுன் உப்பை வாரிக் குவிப்பவர் அகரியா மக்கள். இவ்வுழைப்பின் தடம் படத்தில் உண்டு; உழைப்பவர் முகம் இல்லை. சட்பரிப் படத்தில் தலைப்பைப் படித்ததும் அழகு கலைகிறது. இங்குத் தலைப்பைப் படித்த பின்னும் அழகு குலையாமல் நிற்கிறது.

பழனி குமார்: தரையில் நின்று காணும் நிலம்

மதுரை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்தவர் பழனி குமார். மனிதக் கழிவகற்றும் கொடுமையை வெளிப்படுத்திய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய ஆவணக் காப்பகத்தில் பணியாற்றுகிறார். தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அபர்ணா கார்த்திகேயன் எழுதிய கட்டுரைக்கு இவர் எடுத்த படங்களில் நிலம் பின்னணியாகச் சுருங்கிவிடவில்லை. பாத்தியும் உப்புக் குவியலும் வானும் அங்கு உள. அவற்றை நாம் காண்பது ஓர் உழைக்கும் பெண்ணின் உயரத்திலிருந்து. பர்டின்ஸ்கியின் படத்தில் வண்ணமாகத் தோன்றும் வெண்மை, இங்குக் கண்ணைக் கூசவைக்கும் வெயிலாக உணரப்படுகிறது. பெயரும் வயதும் கூலியும் கட்டுரையில் கூறப்படுவதால், படத்தில் நிற்பவர் ‘தொழிலாளி’ என்னும் பொதுமையில் கரைவதில்லை.

அண்மைக்கும் எல்லை உண்டு. உப்பளத்தின் பரப்பையும், அதன் உடைமையையும், உப்பின் விலையை முடிவுசெய்யும் சந்தையையும் ஒரு முகம் காட்டவியலாது. அவற்றுக்குப் பழனி குமாரின் படங்கள் எழுத்தையே சார்ந்துள்ளன. தொழில் எத்துணைப் பெருநிலத்தைத் தன் வடிவிற்கு மாற்றியுள்ளது என்பதை ஒரே நோக்கில் உணர்த்துவதில் பர்டின்ஸ்கியின் வலிமை மறுக்கவியலாதது.

கருப்பொருள் என்னும் அளவுகோல்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருளாக எண்ணுகிறது. தொழிலைக் குறிக்க அங்கு ஆளப்படும் சொல் ‘செய்தி’ என்பதாகும். நெய்தலில் உப்பு விளைத்தல் அவ்வாறு இடம்பெறும். இப்பகுப்பு கவிதைக்கு உரியது, ஒளிப்படத்திற்கு வகுக்கப்பட்டதன்று. ஆயினும் செய்தொழிலை நீக்கி நிலத்தை முழுமையாகக் கூறவியலாது என்னும் அதன் உட்கோள் இங்குப் பயன்படும். இவ்வளவுகோலின்படி பர்டின்ஸ்கியின் உப்பளப் படங்கள் முதற்பொருளை வியத்தகு துல்லியத்துடன் காட்டி, கருப்பொருளைக் கோடுகளாகச் சுருக்குகின்றன. பழனி குமாரின் படங்களில் தொழிலே நிலத்தை அறியும் வாயிலாகிறது.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் பெறப்படுவன:

1. பர்டின்ஸ்கியின் படங்களில் அழகு தன்னளவில் குற்றமன்று. சட்பரியில் அது அறிதலுக்கு வழியாகிறது. ரண் உப்பளங்களில் அறிதலுக்கு முன்பே நிறைவுபெற்றுவிடுகிறது.

2. பழனி குமாரின் ஆவணப் படங்களை நிலக்காட்சிப் படங்களாகவும் வாசித்தல் வேண்டும். சமூகச் சான்றாக மட்டும் அவற்றைக் கொள்வது அவற்றின் கலைத்தகுதியைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

3. பெருநிலத்தின் அளவை உணர முன்னவரும், அந்நிலத்தில் ஒரு நாளைக் கழிப்பதன் பொருளை உணரப் பின்னவரும் தேவை. இருவருள் ஒருவரையே காண வாய்க்குமெனில், உப்பளம் என்னும் நிலத்தை நிறைவாகக் காட்டுபவர் பழனி குமாரே என்பது இக்கட்டுரையின் துணிபு.