வஸ்தி எங்கே போனாள்?

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதையின் அமைப்பைச் சொல்லித்தரக் கரும்பலகையில் மலைபோல ஒரு கோடு வரைவோம். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் சிக்கல், உச்சியில் திருப்பம், இறக்கத்தில் முடிவு. எஸ்தர் கதை இந்தக் கோட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். அரசனுக்கு ஓர் இரவு தூக்கம் வரவில்லை. அரசுக் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான். கதை அங்கே திரும்புகிறது. மொர்தெகாய்க்காக ஆமான் செய்துவைத்த 50 முழத் தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான். கல்லூரிப் பருவத்தில் நானும் இப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். கட்டுமானத்தில் எனக்கு இன்றும் குறையில்லை. கோட்டை எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

அநேகமாக, ராஜாவுக்கு ஒரு ராணி தேவைப்பட்டாள் என்று தொடங்குவோம். அது 2ஆம் அதிகாரம். முதல் அதிகாரத்தில் அகாஸ்வேரு 180 நாள் தன் செல்வத்தைக் காட்டிவிட்டு, பிறகு 7 நாள் விருந்து வைக்கிறான். ஏழாம் நாள் குடிமயக்கத்தில், வஸ்தியின் அழகைக் கூட்டத்துக்குக் காட்ட அவளை அழைக்கிறான். அவளும் அரண்மனையில் பெண்களுக்குத் தனியே விருந்து வைத்திருந்தாள். வர மறுக்கிறாள். காரணம் சொல்லப்படவில்லை, அவள் குரலில் ஒரு சொல்கூடப் பிரதியில் இல்லை. நாமும் அவளைக் கீழ்ப்படியாத ராணி என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறோம். எஸ்தர் வர இடம் காலியாக வேண்டுமே!

அவளை நீக்கியதோடு விஷயம் முடியவில்லை. மற்றப் பெண்களும் துணிந்துவிடுவார்கள் என்று மெமுகான் அஞ்சுகிறான். ஆண்தான் தன் வீட்டை ஆளவேண்டும் என்று 127 நாடுகளுக்கும் கடிதம் போகிறது. பின்னால், யூதர்களை அழிக்க ஆமான் அனுப்பிய ஆணைக்கு எதிராக 8ஆம் அதிகாரத்தில் வேறோர் ஆணை எழுதப்படுகிறது. அரச முத்திரை இட்டதை ரத்து செய்ய முடியாது, எதிர் ஆணை ஒன்றே வழி. சரி, வீடுகளுக்குப் போன அந்த முதல் கடிதத்துக்கு எதிர் ஆணை எங்கே? 10 அதிகாரங்களிலும் இல்லை. புத்தகத்தின் முதல் சிக்கல் தீரவே இல்லை. இரண்டாம் அதிகாரத்தில் தொடங்கும் கோட்டில் இது கண்ணுக்குப் படாது.

எஸ்தரைக் குறைத்துச் சொல்லவில்லை. அழைக்காமல் அரசன்முன் போனால் சாவு என்று தெரிந்தே போனவள் அவள். அழைத்தும் போகாதவள் ஒருத்தி, அழைக்காமல் போனவள் இன்னொருத்தி. இருவரும் மீறியது ஒரே அரசனின் சட்டத்தை. ஒருத்தி பிள்ளைகளுக்கு முன்மாதிரி, மற்றவள் எச்சரிக்கை என்று பிரித்தது நம் பாடம்தான். எலிசபெத் கேடி ஸ்டான்டனின் 'பெண்களின் விவிலியம்' இரண்டாம் பகுதி 1898இலேயே வஸ்தியின் மறுப்பைப் போற்றியது. அந்த வாசிப்பு நம் ஞாயிறு பள்ளிகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

அடுத்த கோடையில் கோட்டை வஸ்தியின் விருந்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதற்கு வந்திருந்த பெண்கள் வீடு திரும்பியபோது அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.