பூஞ்சையும் அரசாங்கமும்

ஃபின்னிஷ் மொழியில் 'ஹல்லிதுஸ்' என்றால் அரசாங்கம். கடலுக்கு அந்தப் பக்கம், எஸ்தோனிய மொழியில் அதே சொல்லுக்குப் பூஞ்சை என்று அர்த்தம். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். ஹெல்சிங்கியில் கப்பலேறினால் தாலின் இரண்டு மணி நேரம்தான். இவ்வளவு பக்கத்திலிருந்தும் ஒருவருடைய அரசாங்கம் இன்னொருவர் காதில் பூஞ்சையாக விழுகிறது. நாடுகள் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் சேவைகளைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. என் குறை அதுதான்.

அவர்கள் சொல்லும் கதையில் நாயகன் ஒரு மென்பொருள். எஸ்தோனியா 2001இல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. 2013இல் இரு நாட்டுப் பிரதமர்களும் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்தார்கள். 2017இல் அதைப் பராமரிக்கத் தாலினில் பொது நிறுவனம் ஒன்றை அமைத்தார்கள். எல்லையில்லாத அரசு பிறந்தாச்சு, சுபம்!

சரி, அப்புறம்? ஃபின்லாந்து டாக்டர் எழுதிய மின் மருந்துச்சீட்டைக் காட்டி எஸ்தோனிய மருந்துக்கடையில் மாத்திரை வாங்க 2019 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு எல்லை தாண்டியதும் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த தனி ஏற்பாட்டில், ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தொடர்பு மையங்களின் வழியாக.

தரவை அனுப்புவது சுலபம். இங்கே எழுதின மருந்தை அங்கே அதே மருந்தாகப் படிக்க வேண்டுமே! ஒரே மாத்திரை நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கும். அதனால் மருந்தின் மூலப்பொருள், அளவு, வடிவம் எல்லாவற்றுக்கும் பொதுக் குறியீடுகள் வைத்து, ஒவ்வொரு நாடும் அவற்றைத் தன் மொழியில் பெயர்த்துக்கொள்கிறது. அசல் மொழிபெயர்ப்பு வேலை. பிழைத்தால் கெடுவது கவிதை இல்லை, உடம்பு.

எந்த மொழிபெயர்ப்பிலும் போல இதிலும் விடுபட்டவை உண்டு. போதைப்பொருள் பட்டியலில் வரும் மருந்துகளை இப்படி வாங்க முடியாது. காரணம் நியாயமானதே. ஆனால் கடும் வலிக்கு அப்படியொரு மாத்திரையை நம்பியிருப்பவருக்கு எல்லை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மற்ற மருந்து வாங்கும் ஃபின்லாந்துக்காரரும் அங்கே முழு விலையைக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பித்தான் காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன விஷயத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை பெரிது. அதை 'எல்லை ஒழிந்தது' என்று விற்கும்போதுதான் கோபம் வருகிறது. கடையில் கைவிரிக்கப்பட்டவர் அந்தக் கதைக்குள் வரவே மாட்டார். அடுத்து இப்படியொரு ஒப்பந்தத்தைக் கொண்டாடும் கட்டுரையைப் படித்தால், எந்தச் சொற்களுக்கு உடன்பட்டார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்று அதில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது விளம்பரம்.