விநாடி யாருடையது?

அமெரிக்க மஸில் கார் பற்றிய எழுத்துக்களில் இரண்டு எண்கள் ஓயாமல் வரும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை விநாடி? விலை எத்தனை டாலர்? முன்னது இறங்கியிருக்கிறது, பின்னது ஏறியிருக்கிறது. இதற்குப் பெயர் 'வளர்ச்சி'. இந்த எண்களை வெறும் தகவல்களாக எடுத்துக்கொள்ளாமல் பிரதிகளாக வாசித்தால் என்ன?

முதல் எண் புனைவில்தான் தொடங்குகிறது. 1964 மாடல் ஆண்டுக்காகப் பாண்டியாக், நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ.வை விட்டது. அந்த அளவு காருக்கு அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. தனி மாடல் என்று சொல்லாமல், 300 டாலருக்குச் சற்றுக் குறைந்த 'ஆப்ஷன்' என்று எழுதி விதியைத் தாண்டினார்கள். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 4.6 விநாடி என்று அச்சிட்டது. சோதனைக்கு வந்த வண்டியில் இருந்தது 421 எஞ்சின் என்பதைப் பாண்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்துவந்த ஜிம் வேங்கர்ஸே பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் சோதித்தபோது 6 விநாடிக்கு மேல் ஆயிற்று.

சரி, விலை? 1968இல் பிளிமத் ரோட் ரன்னர் 2,896 டாலர். சொகுசையெல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் பெரிதாக்கிய வண்டி. வாரக்கூலி வாங்கும் இளைஞனுக்கு எட்டுகிற விலை. குடும்பக் கார்களின் பாகங்களையே பயன்படுத்தியதும், ஏராளமாக உற்பத்தி செய்ததும் மலிவுக்குக் காரணங்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதில்லை.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்', சார்ஜர் கார்கள் உருவான ஆலைகளில் ஒன்று. 1967 ஜூலையில் டெட்ராய்ட்டில் நடந்த எழுச்சியில் 43 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே 2 அன்று, அசெம்பிளி லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தின் அனுமதி இல்லாமலே வெளியே வந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வந்தார்கள். தண்டனை பெரும்பாலும் கறுப்பர்மேல் விழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்'. ஆக, முடுக்கம் என்பது முதலில் லைனில் நடந்தது; பிறகுதான் சாலைக்கு வந்தது. வாங்குகிறவனுக்கு மிச்சமான விநாடி, செய்கிறவனிடமிருந்து பிடுங்கப்பட்ட விநாடியும்தான்.

அந்த இளைஞனின் வேக ஆசையைப் 'போலிப் பிரக்ஞை' என்று நம் தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடும். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆலைக்குள் வேகம் மேஸ்திரியின் கையில் இருந்தது. ராத்திரி உட்வர்ட் அவென்யூவில் அது தன் காலடியில் இருந்தது. பறிகொடுத்ததைத் தவணை கட்டித் திரும்ப வாங்கினான் என்பதுதான் இதில் உள்ள துயரம்.

பிறகு நடந்தது தெரிந்த கதை: காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய்த் தடை. 1972 மாடல்களிலிருந்து குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியதால் காகிதத்திலும் எண்கள் சரிந்தன. 1982இன் அடிப்படை கமாரோவுக்கு 90 குதிரைத்திறன்தான்!

இப்போது 2023க்கு வருவோம். டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170: 1,025 குதிரைத்திறன், 1.66 விநாடி. உருளத் தொடங்கும் முதல் ஒரு அடி இந்தக் கணக்கில் சேராது; புனைவு இன்னும் தொடர்கிறது. விலை 96,666 டாலரில் ஆரம்பம். ரோட் ரன்னரின் 2,896 டாலரை 2023இன் மதிப்புக்கு மாற்றினால் சுமார் 25,000தான் வரும். ஏறக்குறைய நான்கு மடங்கு! கூலிக்கார இளைஞன் இந்தப் பிரதியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டான்.

பழைய கார்களின் கதை இன்னும் கொடுமை. டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அங்கே உருவான 1971 ஹெமி 'குடா திறந்த கார் ஒன்று 2014 ஜூனில் சியாட்டிலில் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த ஜூனில் டெட்ராய்ட் மாநகராட்சி திவால் வழக்கில் இருந்தது; ஓய்வுபெற்ற ஊழியர்களின் பென்ஷனும் வெட்டுக்கு உள்ளாகவிருந்தது.

ஏலப் பட்டியல்களில் எஞ்சின் எண் இருக்கும், வர்ணத்தின் பெயர் இருக்கும், எத்தனை வண்டிகள் மிச்சம் என்ற கணக்கும் இருக்கும். லைனில் நின்றவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். கார் வரலாறு எழுதுகிறவர்கள் இனியாவது 1968 மே 2ஐ அதில் சேர்த்து எழுதட்டும்.