சின்னத்திரைச் சித்திரங்கள்: எது முதலிடம்?

தொலைக்காட்சிச் சித்திரத் தொடர்களுள் தலைசிறந்தது எது? படத்தின் பகட்டைக் கொண்டு இதற்கு விடை கூறுதல் பொருந்தாது. சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். பாட்டனார் சொந்த ஊரில். பிள்ளையோ திரையின் முன்னே. அப்பிள்ளையிடம் தொடர் எதை, எவ்வாறு பேசுகின்றது என்பதே நாம் கொள்ளும் உரைகல்.

மூன்றாமிடம் ‘சோட்டா பீம்’. 2008இல் ஐதராபாத் கலைஞர்கள் தந்த நம் நாட்டுப் படைப்பு. தோலக்பூர் நமக்கு அந்நியமன்று. எனினும் லட்டு உண்டதும் வலிமை பெருகிப் பகை தீர்ந்துவிடுவதால், சிந்தனைக்கு அங்கே வேலை குறைவு.

இரண்டாமிடம் ‘டோரா’. 2000இல் அமெரிக்காவில் பிறந்தது. வழி எதுவென வினவி, குழந்தையின் விடைக்காகக் காத்திருக்கும் பண்பு போற்றத்தக்கது. ஆயினும் பிள்ளை எதைச் சொன்னாலும் திரை தரும் மறுமொழி ஒன்றே.

முதலிடம், அதே 2000இல் தொடங்கிய ‘ஜாக்கி சான்’ தொடருக்கு. 2007இல் உதயமான சுட்டி டிவி இதனைத் தமிழ் பேச வைத்தது. மாயமந்திரம் மிகுதி என்னும் குறை உண்மையே. அது கற்பனை எனப் பிள்ளைக்கு உணர்த்துதல் நம் பொறுப்பு. ஆனால், பழம்பொருட் கடை நடத்தும் முதியவர் கடிந்துரைத்தும், ஏடுகளைப் புரட்டியும் வழிகாட்டுகின்றார். கைவலிமைக்குத் துணை கல்வியே என்பதைப் பாட்டனார் குரலில் பிள்ளை கேட்கிறது.

எனினும், எத்தொடரும் பிள்ளையின் பேச்சைச் செவிமடுப்பதில்லை. ஷிப்டு முடிந்து வரும் பெற்றோர், “இன்று என்ன பார்த்தாய்?” என வினவி அமர்ந்து கேட்பார்களாக!