வெட்டுவான் கோயிலும் ஒரு கதையும்

கழுகுமலைக்குப் போகிறவர்களுக்கு வெட்டுவான் கோயிலைக் காட்டுமுன் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பக்கம் தகப்பன் சமணச் சிற்பங்களைச் செதுக்கினானாம். மறுபக்கம் மகன் கோயிலைக் குடைந்தானாம். மகனுடைய கைத்திறன் கண்டு பொறாத தகப்பன் அவனைக் கொன்றானாம். கோயில் பாதியில் நின்றதாம்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் கதையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் இந்தக் கதை கல்லைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது. மாமல்லபுரத்திலும் முடியாத ரதங்கள் நிற்கின்றன. அங்கே எத்தனை தகப்பன்மார் எத்தனை பிள்ளைகளைக் கொன்றார்கள்?

கல்லையே கேட்டால் வேறு சேதி கிடைக்கும். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் பாறையைச் சுற்றி வெட்டிப் பிரித்து, சிகரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியிருக்கிறார்கள். மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உயிரோடு இருக்கிறார். அடியில் வெறும் பாறை. செங்கல் கட்டடமென்றால் பிழையைப் பிரித்துக் கட்டலாம். இங்கே தெறித்த சில்லைத் திரும்ப ஒட்டமுடியாது. அந்தத் துணிவு ஒருவனுடையதல்ல, ஒரு கூட்டத்தினுடையது. கதையோ ஒரு மகனுக்காக நம்மை அழவைத்து, அந்தக் கூட்டத்தை மறக்கடித்துவிடுகிறது.

முற்றுப்பெற்றிருந்தால் கோயில் தன் வேலைமுறையை மறைத்திருக்கும். பாதியில் நின்றதால்தான் அது பாடம் சொல்கிறது. கேட்கத்தான் நமக்குப் பொறுமையில்லை.