சவுக்க காலத்து ஓட்டம்

விடிவதற்கு இரண்டு நாழிகை இருக்கும்போது, தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வேளச்சேரி சாலையின் ஓரமாக ஒருவர் ஓடிவருகிறாரென்றால், அவருடைய உருவம் தெருவிளக்கின் வெளிச்சத்துக்குள் வருவதற்கு முன்பே அவருடைய பாதங்களின் ஒலி நம் காதில் விழுந்துவிடும். அந்த ஒலியை மட்டும் கொண்டே, வருகிறவர் பழகியவரா, பழகத் தொடங்கியவரா, நெடுந்தூரம் போகக்கூடியவரா, அடுத்த திருப்பத்தில் நின்றுவிடக்கூடியவரா என்பதைச் சொல்லிவிடலாம் என்று பதினோரு வருஷ அனுபவத்தின் பேரில் நான் உறுதியாகக் கூறுவேன். கச்சேரி மண்டபத்தின் வாசற்படியில் நின்றபடியே, உள்ளே வாசிப்பவர் இன்னாரென்று மிருதங்கத்தின் தொப்பி நாதத்தைக் கொண்டு கண்டுகொள்ளும் ரசிகர்கள் உண்டல்லவா? அது போன்றதுதான் இதுவும்.

ஓட்டம் என்பது எடை குறைவதற்காகவும் சர்க்கரை குறைவதற்காகவும் செய்யும் தேகப்பயிற்சி என்று மட்டுமே எண்ணுகிறவர்களுக்கு இந்த ஒப்புமை மிகையாகத் தோன்றலாம். நாற்பத்திரண்டு வயது வரை நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். அதற்கு முன் நான் விளையாடாத விளையாட்டு அநேகமாக இல்லை. சிறு வயதில் கோடைதோறும் வற்றிப்போன ஏரிப் படுகையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். கல்லூரி நாட்களில் பூப்பந்து. உத்தியோகத்துக்கு வந்த பின் சில காலம் வாலிபால். அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஆடும் உள்ளரங்கத்தில் ஷட்டில். இவற்றுள் பூப்பந்தின் மேல் எனக்கு இன்றும் தீராத பிரியம் உண்டு. மஞ்சள் கம்பளி நூலால் ஆன அந்தச் சிறு பந்து மட்டையின் நரம்பில் பட்டதும் எழும் மெத்தென்ற ஓசையும், 24 மீட்டர் நீளமுள்ள களத்தில் ஐவர் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இடம் மாறி இடம் நிரப்பும் நேர்த்தியும், தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களின் தனிச் சொத்து என்றே சொல்ல வேண்டும். ஆனால் பத்துப் பேர் கூடினால்தான் ஆட்டம். அந்தப் பத்துப் பேரும் பம்பாய், பெங்களூர், துபாய் என்று ஒவ்வொருவராகப் பிரிந்து போனபோது ஆட்டமும் போயிற்று. மற்ற விளையாட்டுகளும் ஒவ்வொரு காரணத்தால் என்னை விட்டு நீங்கின. எதன் மீதும் எனக்குக் குறை இல்லை. எதிராளி ஒருவன் இல்லாமல் நிறைவு பெறாத கலைகள் அவை. எனக்கோ தனியே செய்து தனியே ரசிக்கக்கூடிய ஒன்று தேவைப்படும் பருவம் வந்திருந்தது.

முதல் மூன்று மாதங்கள் நான் ஓடியதை ஓட்டம் என்று இப்போது சொல்லத் துணிய மாட்டேன். மூச்சு முட்டும் வரை விரைந்து, நின்று, மறுபடியும் விரைந்து, வீடு திரும்பியதும் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது முகாம் சாலைச் சந்திப்புக்கு அருகில், அறுபது வயதைக் கடந்த ஒருவர், வெளிறிய காக்கி அரைக்கால் சட்டையும் தேய்ந்த கான்வாஸ் காலணியுமாக, தினந்தோறும் ஒரே நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து வந்து, சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போவார். வேகமாகக் கடப்பார் என்பதல்ல. நான் நிற்கும்போது அவர் நிற்காமல் போய்க்கொண்டிருப்பார், அவ்வளவுதான். 1931ஆம் வருஷம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டார்களே, அதே பாதையில் முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மோட்டார்மேன் அவர் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். ஒரு நாள் அவராகவே பேசினார்.

“தம்பி, உங்க கால் சத்தம் உங்களுக்கு முன்னாடி வந்துடுது. அதைக் கொஞ்சம் அடக்குங்க; மூச்சு தானா அடங்கும்.”

“இதைவிட மெதுவா ஓடினா அது நடை ஆயிடாதா சார்?”

“ஆகாது. என்கூடப் பேசிக்கிட்டே வாங்க. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். வண்டியும் அப்படித்தான். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினா கடைசி வரைக்கும் கரண்டை இழுத்துக்கிட்டே போகக் கூடாது. வேகம் புடிச்சதும் விட்டுடணும். அதுவா உருளும்.”

அன்று அவருடன் ராஜகீழ்ப்பாக்கம் வரை பேசிக்கொண்டே ஓடினேன். என் ஆயுளில் நின்று இளைப்பாறாமல் நான் ஓடிய முதல் தூரம் அது.

அவர் தம்முடைய தொழிலிலிருந்து கண்டெடுத்த இந்த உண்மையை, உலகின் மறுகோடியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் என்பவர் தம் உடம்பையே சோதனைச்சாலையாக்கிக் கண்டறிந்து, பக்கத்துத் தெருப் பையன்களுக்குக் கற்பித்தார். அப்படிக் கற்றவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960ஆம் வருஷத்து ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார்கள். வேகத்துக்குப் பேர்போன அந்த வீரர்களையே வாரந்தோறும் நெடுந்தூரம் நிதானமாக ஓட வைத்தவர் லிடியார்ட். அடுத்த சில வருஷங்களில், இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் வயிறு பெருத்த நடுவயதினரையும் கூட்டி, பேச்சு தடைப்படாத வேகத்தில் ஓடச் செய்தார். இன்று உலகெங்கும் அதிகாலைத் தெருக்களில் போட்டிக்காக அன்றி ஆனந்தத்துக்காக ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்தச் செருப்புத் தொழிலாளியின் சந்ததியே என்று சொல்வது மிகையாகாது.

இனி, நான் பெரிதும் விரும்பிச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நடைக்கும் ஓட்டத்துக்கும் வேற்றுமை வேகத்தில் இல்லை. நடக்கும்போது எந்த க்ஷணத்திலும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போதோ, ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரண்டு பாதங்களும் தரையை விட்டு நீங்கி, மனிதன் முழுவதும் ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆயினும் நிமிஷத்துக்கு 170 அடி வைப்பவன் நிமிஷத்துக்கு 170 தடவை பறக்கிறான். பறந்தவன் இறங்கும்போது, உடம்பின் எடையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பாரம் ஒரே காலின் மேல் விழுகிறது. குதிகாலுக்கு மேலே கயிறு போல இறுகியிருக்கும் குதிநரம்பு அந்தப் பாரத்தை ஏற்று நீண்டு, அதில் கணிசமான பங்கைச் சேமித்து, அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பாதத்தை உடம்புக்கு வெகுதூரம் முன்னால் நீட்டி வைப்பவனுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் தடைப்படுகிறது. ஒவ்வோர் அடியும் அவனுக்குத் தடைக்கட்டை ஆகிவிடுகிறது. அந்தத் தடைதான் ‘தொப், தொப்’ என்று காதில் விழுகிறது. பாதத்தை உடம்புக்கு நேர் கீழே, குறுகிய அடியாக, சீக்கிரம் எடுத்துவிடும் பாவனையில் வைப்பவனுடைய ஓட்டத்தில் ஒலி குறைகிறது. ஆகவே மோட்டார்மேன் காலின் சத்தத்தை அடக்கச் சொன்னாரே, அது வெறும் அழகுக்காகச் சொன்னதன்று. அந்த ஓசையிலேயே சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கர்நாடக சங்கீதத்தில் துரித காலத்தில் பாடுவதைவிடச் சவுக்க காலத்தில் பாடுவது கடினம் என்பார்கள். துரிதத்தில் ஸ்வரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய்விடும். சவுக்கத்திலோ ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வெளியைப் பாடகர் தம் நிதானத்தால் நிரப்பியாக வேண்டும். காலப்பிரமாணம் இம்மியளவு நழுவினாலும் மறைக்க வழியில்லை. மெல்லோட்டமும் அப்படியே. முதல் கிலோமீட்டரை ஏழரை நிமிஷத்தில் ஓடியவர் பத்தாவது கிலோமீட்டரையும் ஏழரை நிமிஷத்திலேயே, தோள் உயராமல், விரல்கள் இறுகாமல், தாடை தளர்ந்தபடி ஓடிவருவதைப் பார்ப்பது என்னைப் பொறுத்தவரை இந்த நகரம் தரக்கூடிய மிக உயர்ந்த காட்சிகளில் ஒன்று. ஆரம்பத்தில் எல்லோரும் அழகாகத்தான் ஓடுகிறார்கள். ஓட்டத்தை ரசிக்க விரும்புகிறவர் புறப்படும் இடத்தில் நிற்க வேண்டாம். எட்டாவது கிலோமீட்டரில் நிற்க வேண்டும். களைத்த பிறகும் எவருடைய கை இடுப்பளவிலேயே முன்னும் பின்னும் ஊசலாடுகிறதோ, எவருடைய பார்வை தரையில் விழாமல் இருபதடி முன்னால் நிலைத்திருக்கிறதோ, அவரே வித்துவான்.

இதற்காகத்தான், 42.195 கிலோமீட்டர் மராத்தானும் அதில் பாதித் தூரமும் ஓடிப் பதக்கம் அணிந்து நிற்கும் நாளை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஜனவரி மாதத்துச் சென்னை மராத்தானில் ஆயிரக்கணக்கானோர் கூடுவது கண்கொள்ளாக் காட்சிதான். நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்த அரசியல்வாதி மா. சுப்பிரமணியனைப் போன்றவர்களைப் பார்த்து ஓடத் தொடங்கியவர்கள் பலர் என்பதும் உண்மை. ஆனால் கலையின் இருப்பிடம் மேடையன்று, சாதகம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் யாரும் பார்க்காதபோது ஓடும் நீண்ட ஓட்டமே ஓட்டம்.

அந்த ஓட்டத்துக்குத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள நிலத்தைப் போல வாய்ப்பானது அரிது. 1937இல் இங்கே குடிபெயர்ந்து வந்த கிறிஸ்துவக் கல்லூரியின் 365 ஏக்கர் புதர்க்காடு, வேளச்சேரி சாலையில் ஓடுகிறவன் மேல் சித்திரை மாதத்திலும் ஒரு குளிர்ந்த மூச்சை விடுகிறது. மதிலை ஒட்டி ஓடும்போது எங்கே மரங்கள் நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தோலினாலேயே சொல்லிவிடலாம். சேலையூர் தாண்டி ராஜகீழ்ப்பாக்கத்தில் தெற்கே திரும்பினால், மாடம்பாக்கத்துச் சாலை. அதன் கோடியில் தேனுபுரீஸ்வரர் ஆலயம். சோழர் காலத்து விமானம். சதுரமாக நில்லாமல், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்து முடியும் கஜபிருஷ்ட அமைப்பு. போகும்போது இருளில் ஒரு நிழலாக மட்டும் தெரியும் அந்த வளைவு, மதிலோரமாகச் சுற்றித் திரும்புகையில் கிழக்கு வெளுத்துக் கல்லின் நிறம் துலங்க, வரிவரியாக எழுந்து நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் அலுத்ததில்லை.

வடக்கே ஜி.எஸ்.டி. சாலையில் போனால் பல்லாவரம். 1863ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் அங்கே சரளைக் குழி ஒன்றில் ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். மனிதனின் நீண்ட குதிநரம்பு, பெருத்த பிட்டத்தசை, மேனி முழுவதும் சுரக்கும் வியர்வை ஆகியவை எல்லாம் நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே அமைந்தவை என்று பிராம்பிள், லீபர்மன் என்ற இரண்டு அறிஞர்கள் 2004இல் எழுதினார்கள். அந்த வாதத்தை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எனக்கோ, குரோம்பேட்டை கடந்து பல்லாவரத்துக் குன்றுகள் கண்ணில் படும்போதெல்லாம், அந்தக் கல்லைப் பிடித்த கைக்கு உரிய கால்களும் இந்த மண்ணின் மேல்தான் ஓடியிருக்கும் என்ற எண்ணம் எழுந்து, என் அடிகள் தாமாகவே ஒலி குறைகின்றன.

ஓடத் தொடங்க நினைக்கும் வாசகர் விலை உயர்ந்த காலணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே ரோமாபுரி ஒலிம்பிக்கில் அபெபே பிகிலா என்ற வீரர் வெறுங்காலோடு மராத்தான் ஓடி வென்றார் என்பதற்காக அதையும் கழற்றிவிட வேண்டாம். சித்திரையிலும் வைகாசியிலும் காற்றிலுள்ள ஈரத்தால் வியர்வை உலர மறுக்கும், உடம்பு கொதிக்கும். அதனால் மார்கழியில் தொடங்குங்கள். கோலம் போடுகிறவர்கள் வாசலில் இருப்பார்கள், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும், காற்றும் இதமாக இருக்கும். பேசிக்கொண்டே ஓட ஒரு துணையை அழைத்து வாருங்கள். முகாம் சாலைச் சந்திப்பிலிருந்து மாடம்பாக்கம் கோயில் வரை போய்த் திரும்ப, பேச்சு தடைப்படாத வேகத்தில், ஒன்றேகால் மணி நேரம் போதும்.